கள்ளும் மூளையும்

பேராக் ஆறு கடலை நோக்கி வளைந்து திரும்பும் இடத்தில் அமைந்த பழைய துறைமுக நகரம் தெலுக் இந்தான். ஆங்கிலேயர் ஆட்சியில் அதற்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர். 1982ஆம் ஆண்டில்தான் இன்றைய பெயர் வந்தது. நகரைச் சுற்றியுள்ள கீழ்ப்பேராக் வட்டாரத்திலும் கடலோரப் பாகான் டத்தோவிலும் ரப்பரும் தென்னையும் பயிராயின. பின்னர் செம்பனை வந்தது. ரப்பர் மரங்களில் பால் வெட்டுவதற்கும் தேங்காய் பறிப்பதற்கும் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து லயங்களில் குடியேறினார்கள். அவர்களோடு சேர்ந்து தோட்டத்தில் இடம்பிடித்த ஒன்று கள்ளுக்கடை.

தென்னம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இனிப்பு நீர் இறங்கும். அதில் ஏறக்குறைய 12 முதல் 18 விழுக்காடு வரை சர்க்கரை இருக்கும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே இருக்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணிய நொதி உயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று மதுவாக மாற்றத் தொடங்கும். காலையில் இறக்கிய நீர் மாலைக்குள் நன்றாகப் புளித்துவிடும். மறுநாளும் வைத்திருந்தால் காடிதான் மிஞ்சும். நன்கு புளித்த கள்ளில் ஏறக்குறைய 5 விழுக்காடு மது இருக்கும். கள், பியர், சாராயம் என்று பெயர்கள் வேறுபட்டாலும் அவற்றில் போதை தரும் பொருள் ஒன்றே. அதனை எத்தனால் என்பர்.

பால் வெட்டுத் தொழிலாளியின் நாள் விடியுமுன் தொடங்கும். இருட்டிலேயே பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் மரங்களைச் சீவி, பாலைச் சேகரித்து நிறுவைக்குக் கொண்டு சேர்க்கும்போது நண்பகலாகிவிடும். அதன்பின் உடல் வலியோடு நீண்ட பிற்பகல் காத்திருக்கும். பள்ளியோ நூலகமோ விளையாட்டுத் திடலோ அருகில் இல்லாத தோட்டத்தில், நிர்வாகத்தின் அனுமதியோடு நடந்த கள்ளுக்கடை மட்டும் எட்டும் தொலைவில் இருந்தது. தொழிலாளருக்கு அது சத்துள்ள பானம் என்று வாதிட்ட துரைமார்களும் இருந்தனர். கள்ளில் சிறிதளவு வைட்டமின் உண்டு என்பது உண்மைதான். ஆனால், கூலியில் ஒரு பகுதி கடைக்கே திரும்பிப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கணக்கு முழுமையாகும்.

தொழிலாளர்கள் இதனைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், தோட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின்னர் கெடா மாநிலத்தின் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. 1947ஆம் ஆண்டில் அந்தப் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். காவல் துறையினருடன் ஏற்பட்ட மோதலில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். கூலி உயர்வுக்காகப் போராடியவர்கள் கடையை மூடுவதற்காகவும் உயிரைக் கொடுத்தார்கள் என்றால், அந்தக் கடை அவர்களுடைய வீடுகளுக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்க வேண்டும்!

கடை மூடப்பட்டாலும் ஒரு கேள்வி மூடப்படுவதில்லை. மதுவால் தம் குடும்பம் சிதைவதைக் கண்ணால் காணும் ஒருவர், இனிக் குடிப்பதில்லை என்று பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். மூன்றாம் நாள் மீண்டும் குடிக்கிறார். சத்தியம் செய்தபோது அவர் பொய் சொன்னாரா? பெரும்பாலும் இல்லை. சத்தியம் செய்தபோது அவர் மனமார அதை நம்பியே செய்தார். அதன்பின் அவருடைய மூளையில் நடப்பது என்ன என்பதை அறிவியல் கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் படிப்படியாகக் கண்டறிந்துள்ளது.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணுவுக்கும் அடுத்த நரம்பணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஓர் அணு தன் செய்தியை இரசாயனப் பொருளாக அந்த இடைவெளியில் வெளியிடும். அடுத்த அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அதனைப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்தி சுமக்கும் பொருள்களுக்கு நரம்புக் கடத்திகள் என்று பெயர். அவற்றுள் இரண்டைப் புரிந்துகொண்டாலே மதுவின் வேலையில் பாதி புரிந்துவிடும். குளுட்டமேட் என்பது அணுவைத் தூண்டுவது. காபா என்பது அணுவை அடக்குவது. ஒன்று முடுக்கி, மற்றொன்று தடை. நாம் விழித்திருக்கவும் அமைதியாக இருக்கவும் பேசவும் உறங்கவும் இந்த இரண்டும் நொடிக்கு நொடி சமநிலையில் இருக்க வேண்டும்.

எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. அது நீரிலும் கரையும். ஓரளவு கொழுப்பிலும் கரையும். ஆகவே, பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுக்கும் மூளையின் பாதுகாப்பு அரணையும் அது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. உள்ளே சென்றதும் காபாவின் ஏற்பிகளைக் கூடுதலாக வேலை செய்யத் தூண்டுகிறது. குளுட்டமேட்டின் ஒருவகை ஏற்பியை மந்தமாக்குகிறது. தடையை அழுத்தி, முடுக்கியைத் தளர்த்தினால் வண்டி எப்படி ஓடும்? முதலில் தயக்கமும் கவலையும் குறைகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி, ‘இதைச் சொல்லலாமா, செய்யலாமா?’ என்று எடைபோடும் பகுதி. அது மந்தமாகும்போது ஒருவர் வழக்கத்துக்கு மாறாக உரக்கப் பேசுகிறார், சண்டைக்குப் போகிறார், பழைய கதையை எண்ணி அழுகிறார். மது உற்சாகம் தருகிறது என்று பலர் எண்ணுவது இதனால்தான். உண்மையில் அங்கே தளர்ந்திருப்பது கட்டுப்பாடு. அளவு கூடும்போது சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடுகிறது. நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி மந்தமாகி, முந்திய இரவில் நடந்தது மறுநாள் அறவே நினைவில் இருப்பதில்லை. மறந்துவிட்டார் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அந்த நினைவு முதலில் பதிவாகவே இல்லை. மேலும் கூடினால் மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செயலிழந்து உயிர் போகலாம்.

ஆனால், இது போதையைத்தான் விளக்குகிறது, பழக்கத்தை விளக்கவில்லை. அதற்கு டோபமின் என்னும் மற்றொரு கடத்தியைப் பார்க்க வேண்டும். 1954ஆம் ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகியோர் எலிகளின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினர். ஒரு நெம்பியை அழுத்தினால் அந்த இடத்துக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் மற்ற வேலைகளை விட்டுவிட்டு அந்த நெம்பியையே மீண்டும் மீண்டும் அழுத்தின. உணவு, நீர், நட்பு போன்ற உயிர்வாழ்வுக்கு வேண்டியவற்றை ‘இது நல்லது, மறுபடியும் செய்’ என்று குறித்துவைக்கும் பாதை மூளையில் உண்டு என்பது இதன்வழி தெரிய வந்தது. அந்தப் பாதையில் டோபமின் முக்கியப் பங்காற்றுகிறது என்று பின்னர் கண்டறிந்தனர். மது அருந்தும்போது உடல் தானே சுரக்கும் எண்டோர்பின் என்னும் வலிநீக்கிப் பொருளும் வெளிப்படுகிறது. நடுமூளையிலிருந்து டோபமினும் கூடுதலாக வெளிப்படுகிறது.

டோபமினை மகிழ்ச்சிப் பொருள் என்று சிலர் எழுதுவதுண்டு. அது அவ்வளவு சரியன்று. 1990களில் வோல்ஃப்ரம் ஷூல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாற்றுத் துளிகளைக் கொடுத்து அவற்றின் டோபமின் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அணுக்கள் துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கியபின், சாறு வந்தபோது அவை துடிக்கவில்லை. அடையாளத்தைக் கண்டபோதே துடித்தன. மூளை பொருளைவிட, பொருள் வரப்போவதைக் காட்டும் அறிகுறிக்கே விழித்துக்கொள்கிறது.

இதனைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று பார்க்கலாம். நிறுவை முடிந்து வரும் வழி, கடையின் புளித்த வாடை, கூட்டாளியின் குரல், கூலி கையில் விழும் நாள் ஆகிய இவையெல்லாம் பல நூறு முறை கள்ளோடு சேர்ந்தே வந்தவை. நாளடைவில் இவற்றில் ஒன்றைக் கண்டாலே மூளை தேடத் தொடங்கிவிடும். பல ஆண்டுகள் குடியை விட்டவர்கூட, பழைய கடைத்தெருவில் நடக்கும்போது திடீரென அந்த ஏக்கம் எழுவதாகச் சொல்வதுண்டு. அந்த வழியை மூளை மறக்கவில்லை.

மூன்றாவது மாற்றம்தான் மிகவும் ஆபத்தானது. அதை விளக்குவதற்குத் தெலுக் இந்தானிலேயே ஒரு பொருத்தமான பொருள் நிற்கிறது. நகரின் நடுவே 1885ஆம் ஆண்டு லியோங் சூன் சோங் என்பவர் கட்டிய சாய்ந்த கோபுரம் அது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடிபோலத் தோன்றும். உள்ளே மூன்று மாடிகள்தாம். நகருக்குக் குடிநீர் தருவதற்காக அதில் பெரிய நீர்த்தொட்டி வைக்கப்பட்டது. தொட்டியின் சுமையும் அடியிலுள்ள மென்மையான மண்ணும் சேர்ந்து கோபுரத்தைச் சாய்த்துவிட்டன. செங்கல் கட்டடம் சுமையைத் தாங்க முடியாமல் ஒரு பக்கம் சாயும், அப்படியே நிற்கும்.

மூளை அவ்வாறு சாய்ந்து நிற்க ஒப்புக்கொள்ளாது. நாள்தோறும் மது ஒரு பக்கமாக அழுத்தினால், அது எதிர்ப்பக்கத்தில் முட்டுக் கொடுக்கத் தொடங்கும். காபாவின் அடக்குதல் அளவுக்கு மீறிப் போகிறது என்று கண்டு அதன் ஏற்பிகளின் செயல்திறனைக் குறைத்துக்கொள்ளும். குளுட்டமேட்டின் ஏற்பிகள் மந்தமாவதால் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டும். சில மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து, குடித்த நிலையிலேயே அவர் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பார். முன்பு இரண்டு குவளையில் ஏறிய போதை இப்போது நான்கு குவளையிலும் ஏறாது. ‘எவ்வளவு குடித்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது’ என்று ஊரார் வியப்பார்கள். அது உடல் வலிமையின் அடையாளம் அன்று. மூளை எவ்வளவு மாறிவிட்டது என்பதன் அடையாளம்.

இப்போது சுமையைத் திடீரென எடுத்துவிட்டால் என்ன ஆகும்? முட்டு மட்டும் மிஞ்சும். தடை பலவீனமாகவும் முடுக்கி முழு வலிமையோடும் இருக்கும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், உறக்கம் வராது. பலர் காலையிலேயே ஒரு வாய் குடிப்பது இந்த நடுக்கத்தை அடக்கத்தான். இன்பத்துக்காகத் தொடங்கிய குடி, துன்பத்தைத் தவிர்ப்பதற்கான குடியாக மாறிவிட்டது என்பதை இந்தக் காலை வேளைக் குடியே காட்டிவிடும். நீண்ட காலம் மிகுதியாகக் குடித்த சிலருக்கு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சலும் குழப்பமும் ஏற்பட்டு, சுவரில் பூச்சி ஊர்வதுபோலவும் யாரோ தாக்க வருவதுபோலவும் தோன்றலாம். உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த நிலை உயிரைப் பறித்துவிடும்.

இதனைக் குடும்பத்தார் அறிந்திருப்பது மிகவும் முக்கியம். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த முயல்வது அன்பினால் செய்யும் செயலாக இருக்கலாம்; ஆனால், அது அவரைக் கொன்றுவிடக்கூடும். பேய் பிடித்துவிட்டது என்று எண்ணி வேறு எங்கோ அழைத்துச் செல்வதால் விலைமதிப்பற்ற நேரம் வீணாகும். மருத்துவமனையில் டயசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, காபாவின் தடையைத் தற்காலிகமாக வலுப்படுத்தி, அளவைச் சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். முட்டையும் சுமையையும் ஒன்றாக மெல்ல மெல்ல எடுப்பதற்கு ஒப்பானது இது.

இதே சிகிச்சையில் மற்றோர் ஊசியும் உண்டு. அது தயமின் எனப்படும் வைட்டமின் பி1. அதன் வரலாறு மலாயாவோடு நெருக்கமான தொடர்புடையது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோயால் பல்லாயிரம் பேர் மாண்டனர். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது கடுமையாகத் தாக்கியது. தோட்டத்துத் தமிழர்களை அரிதாகவே தொட்டது. தமிழர்கள் புழுங்கல் அரிசி உண்டனர், சீனர்கள் தீட்டிய பச்சரிசி உண்டனர் என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் கவனித்தார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சாராருக்குத் தீட்டிய அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதல் சாராரிடம் நோய் பரவியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் புரிந்தது. அந்தச் சத்துதான் தயமின். புழுங்கல் அரிசி காத்த தமிழர்களுக்கு, மது வேறு வழியில் அதே குறைபாட்டைக் கொண்டு வந்தது என்பதுதான் வேதனை. மிகுதியாகக் குடிப்பவர் சரியாக உண்பதில்லை. உண்டாலும் மது குடலில் தயமினை உறிஞ்சவிடுவதில்லை. உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் வரும்.

தயமின் தீர்ந்துபோனால் மூளையின் நடுப்பகுதி சேதமடைகிறது. 1881ஆம் ஆண்டு கார்ல் வெர்னிக்கி இதன் முதற்கட்டத்தை விவரித்தார்: கண் அசைவு மாறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். சில ஆண்டுகளில் ரஷ்ய மருத்துவர் செர்கெய் கொர்சகோவ் அடுத்த கட்டத்தைக் கண்டார். அந்த நிலையில் புதிய நினைவுகள் பதிவாகாது. காலையில் உண்டதை நண்பகலில் சொல்ல முடியாது. ‘இன்று எங்கே போனீர்கள்?’ என்று கேட்டால், மூளை அந்த வெற்றிடத்தை ஏதாவது ஒரு கதையால் நிரப்பிவிடும். சொல்பவரும் அதனை உண்மை என்றே நம்புவார். பொய் சொல்கிறார் என்று வீட்டில் சண்டை மூளும். முதற்கட்டத்திலேயே தயமின் ஊசி போட்டால் மீள வாய்ப்பு அதிகம். பிந்திவிட்டால் நினைவு முழுமையாகத் திரும்புவது அரிது.

இனி, உடல் மதுவை எப்படி வெளியேற்றுகிறது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். கல்லீரல் எத்தனாலை அசிட்டால்டிஹைட் என்னும் நச்சுப் பொருளாக மாற்றி, அதைப் பின்னர் தீங்கற்ற பொருளாக மாற்றுகிறது. ஒரு மணி நேரத்தில் அதனால் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் எத்தனாலைத்தான் கையாள முடியும். 5 விழுக்காடு கள் ஒரு லிட்டரில் 40 கிராம் எத்தனால் இருக்கிறது. அது முழுவதும் நீங்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். குளித்தாலும் காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. 40 விழுக்காடு சாராயத்தில் 150 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சிறு போத்தலை எடுத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய 47 கிராம் எத்தனால் உண்டு. ஒரு லிட்டர் கள்ளைவிட அதிகம்! சட்டைப்பையில் அடங்கும் போத்தல்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகர்ப்புறக் குறைந்த விலை வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்துக்கொண்டது பழக்கத்தின் வேகத்தைக் கூட்டியது. மது எவ்வளவு விரைவாக மூளையை எட்டுகிறதோ, அவ்வளவு ஆழமாக மூளை அதனைக் கற்றுக்கொள்கிறது. சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்படும் சாராயத்தில் மெத்தனால் என்னும் வேறு பொருளும் கலந்திருக்கலாம். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் இத்தகைய மது அருந்திய பலர் சில நாள்களிலேயே இறந்தனர்.

கிழக்காசிய மக்களில் பலருக்கு அசிட்டால்டிஹைடை நீக்கும் நொதி பிறவியிலேயே பலவீனமாக இருக்கும். அவர்களுக்குச் சிறிது குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வரும். இந்த நொதியைத் தடுக்கும் மருந்தொன்றும் உண்டு. அதன் கதை ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலேறியது என்றே சொல்லலாம். ரப்பர் பாலைப் பதப்படுத்தி டயராக்கும் தொழிற்சாலைகளில் தையுராம் வகை இரசாயனங்களைப் பயன்படுத்துவர். 1937ஆம் ஆண்டு அமெரிக்க ரப்பர் தொழிற்சாலை மருத்துவர் ஒருவர், அந்த இரசாயனத்தோடு புழங்கும் தொழிலாளர்களால் மது அருந்த முடியவில்லை என்று பதிவு செய்தார். அதே வகையைச் சேர்ந்த டைசல்பிராம் என்னும் பொருளை 1940களின் இறுதியில் டென்மார்க் ஆய்வாளர்கள் ஹால்ட், யாகோப்சன் ஆகியோர் மருந்தாகக் கொண்டுவந்தனர். அதனை உட்கொண்டவர் குடித்தால் கடுமையான உபாதை உண்டாகும். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பிலும் நோயாளியின் முழு ஒப்புதலோடும்தான் கொடுக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. தற்செயலாக, குடியிலிருந்து மீண்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு 1935ஆம் ஆண்டு தோன்றியதும் டயர் தொழிலுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஆக்ரன் நகரில்தான்.

குடிப்பவர் எல்லாரும் அடிமையாவதில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்து நடத்திய ஆய்வுகளின்படி, அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுக்களைச் சார்ந்தது. மறுபாதி சூழலைச் சார்ந்தது: வறுமை, மனச்சோர்வு, எளிதில் கிடைக்கும் மது, எந்த வயதில் தொடங்கினார் என்பது முதலியன. ஒருவருடைய மரபணு எப்படிப்பட்டது என்பதைக் குடித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. குடும்பத்தில் தாத்தாவோ தந்தையோ மதுவுக்கு அடிமையாக இருந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இடர் கூடுதல் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இடர் கூடுதல் என்பதும் தலைவிதி என்பதும் ஒன்றல்ல.

வயது ஏன் முக்கியம்? நெற்றிப்புற மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் டோபமின் பாதை பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடும். கற்கும் திறன் மிகுந்திருக்கும் அந்த வயதில் மூளை திருக்குறளையும் கணிதத்தையும் விரைவாகக் கற்பதுபோலவே மதுவையும் விரைவாகக் கற்றுக்கொள்ளும். மலேசியாவில் மது வாங்கும் குறைந்தபட்ச வயது 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது.

மாறிய மூளை மீளுமா? பெரும்பகுதி மீளும். நடுக்கமும் உறக்கமின்மையும் ஒன்றிரண்டு வாரங்களில் தணியும். ஏற்பிகளின் சமநிலை வாரக்கணக்கிலும், கவனமும் திட்டமிடும் திறனும் மாதக்கணக்கிலும் திரும்பும். இடையில் ஒரு கடினமான காலம் உண்டு. டோபமின் பாதை சோர்ந்திருப்பதால், பிள்ளையின் சிரிப்பும் நல்ல சாப்பாடும்கூட அவருக்குச் சுவைக்காது, எதிலும் பிடிப்பிருக்காது. ‘குடியை விட்டும் இவர் முகம் மலரவில்லையே’ என்று குடும்பம் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். மீண்டும் குடிப்பதற்கான வாய்ப்பு மிகுதியாக உள்ள நேரமும் இதுதான். எண்டோர்பின் ஏற்பிகளைத் தடுத்துக் குடியின் கவர்ச்சியைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், குளுட்டமேட்டின் கொந்தளிப்பைத் தணிக்கும் அகாம்புரோசேட் ஆகிய மருந்துகளும் மனநல ஆலோசனையும் இந்தக் காலத்தைக் கடக்க உதவுகின்றன. ஒருமுறை வழுக்கி விழுந்தால் சிகிச்சை தோற்றுவிட்டதாக மருத்துவர்கள் கருதுவதில்லை. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மீண்டும் ஏறினால் மருந்தை மாற்றிப் பார்ப்பதுபோல, இங்கும் மறுபடி தொடங்குவார்கள்.

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என்னும் பெயரில் இயங்கி வருகிறது. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற சொல்லையே ஏளனமாகப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் சிகிச்சையை நாடாமல் இருந்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் போகாமலே அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் முதல் படியைத் தொடங்கலாம். அங்கே மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகள் மிக எளியவை: நாளொன்றுக்கு எவ்வளவு? எத்தனை ஆண்டுகளாக? இதற்குமுன் குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? கடைசியாகக் குடித்தது எந்த நேரம்? குடிப்பவர் வெட்கப்பட்டு அளவைக் குறைத்துச் சொல்லக்கூடும். உடன் வந்த மனைவியோ மகனோ மகளோ சரியான அளவையும் நேரத்தையும் சொன்னால், எத்தனை மணி நேரத்தில் வலிப்பு வரலாம், எவ்வளவு மருந்து தேவை, அவரை வீட்டுக்கு அனுப்பலாமா, கட்டிலில் சேர்க்க வேண்டுமா என்பதை மருத்துவர் அதைக்கொண்டே முடிவு செய்வார்.